கலைந்த எழுத்துகளில் சொல்லைப் பிடிப்பது எப்படி?

இ, ஐ, எல், என், எஸ், டி (டீச்சர் என்ற சொல்லின் முதலெழுத்து). இந்த ஆறு ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கினால் 720 வரிசைகள் வரும். அவற்றில் நமக்குப் பழக்கமான சொற்கள் ஐந்துதான்: லிஸன், சைலன்ட், என்லிஸ்ட், டின்ஸல், இன்லெட்ஸ். எழுத்துகள் ஏழானால் வரிசைகள் 5,040, எட்டானால் 40,320. ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்துச் சொல் தேடுவது நடக்கிற காரியமல்ல. ஆனாலும் குறுக்கெழுத்துப் பிரியர்களும், எழுத்துக் கட்டைகளால் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களும் சில நொடிகளில் சொல்லைப் பிடித்துவிடுகிறார்கள். வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. தேர்வு எழுதுகிறவர்களும் ரீசனிங் பகுதிக்காக இதையே பயிற்சி செய்கிறார்கள். நினைவாற்றல் மட்டும் இதற்குப் போதாது, வழிமுறை வேண்டும்.

மூன்று வகைக் கேள்விகள்

முதலில், எந்த வகைத் தேடல் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கொடுத்த எழுத்துகள் அனைத்தையும் பயன்படுத்திச் சொல் அமைப்பது ஒரு வகை. குறிப்பிட்ட எழுத்துகள் எங்காவது இடம்பெற்றுள்ள சொல்லைத் தேடுவது இரண்டாவது வகை. சில எழுத்துகளின் இடம் தெரிந்து, மற்றவை தெரியாமலிருப்பது மூன்றாவது வகை. குறுக்கெழுத்தும், சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டமும் இதில் அடங்கும்.

விகுதியைத் தனியே எடுங்கள்

முதல் வகைக்குச் சிறந்த வழி, சொல்லின் முன்னொட்டாகவோ விகுதியாகவோ வரக்கூடிய எழுத்துகளைத் தனியே எடுத்து வைப்பது. மேலே சொன்ன ஆறு எழுத்துகளில் இ, என் இரண்டையும் ஒதுக்கினால் மீதி நான்கில் 'லிஸ்ட்' கிடைக்கும். ஒதுக்கிய இரண்டைப் பின்னால் சேர்த்தால் லிஸன். முன்னால் சேர்த்தால் என்லிஸ்ட். இ-என்-டி மூன்றையும் விகுதியாக ஒதுக்கினால் சைலன்ட் தெரியும். பன்மைக்குரிய எஸ் எழுத்தை மட்டும் ஒதுக்கினால் இன்லெட் நிற்கும். 720 வரிசைகளில் தேட வேண்டிய வேலை, நாலைந்து முயற்சிகளாகச் சுருங்கிவிடுகிறது.

விகுதியை வைத்துத் தேடும் பழக்கம் புதிதல்ல. 1775-லேயே லண்டனில் ஜான் வாக்கர், ஆங்கிலச் சொற்களை முதலெழுத்தை விட்டுக் கடைசி எழுத்திலிருந்து வரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார். இயைபு தேடும் கவிஞர்களுக்கும் எழுத்துக்கூட்டல் கற்பவர்களுக்கும் அது உதவியது.

கணினி எப்படித் தேடுகிறது?

கணினி நிரலாளர்கள் வேறொரு நுட்பத்தைக் கையாள்கிறார்கள். அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கிவிடுவார்கள். லிஸன், சைலன்ட், என்லிஸ்ட் மூன்றுமே இ-ஐ-எல்-என்-எஸ்-டி என்ற ஒரே கோவையாக மாறிவிடும். அந்தக் கோவையின்கீழ் அந்தச் சொற்களைத் தொகுத்து வைத்தால் போதும். நீங்கள் எந்த வரிசையில் எழுத்துகளைக் கொடுத்தாலும் கணினி அவற்றை அகர வரிசைப்படுத்தி, அந்தக் கோவையை மட்டும் பார்க்கும். தேர்ந்த ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் தங்கள் கட்டைகளை அகர வரிசையில் அடுக்கி மனனம் செய்வதும் இந்தக் காரணத்தால்தான்.

அரிய கூட்டுகள் தரும் துப்பு

இரண்டாவது வகைத் தேடலில், எழுத்துகள் எவ்வளவு விநோதமாக இருக்கின்றனவோ அவ்வளவு எளிது. எச் எழுத்தை அடுத்துக் கியூ வரும் ஆங்கிலச் சொல் உண்டா? எர்த்க்வேக். இரு சொற்கள் சேரும் ஒட்டிடத்தில்தான் இப்படிப்பட்ட கூட்டுகள் பெரும்பாலும் பிறக்கின்றன. கியூவுக்குப் பின் யு வராத சொல் வேண்டுமானால் ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்த சொற்களை நினைக்க வேண்டும்: அரபியிலிருந்து வந்த ஃபக்கீர், சீனத்தில் உயிராற்றலைக் குறிக்கும் இரண்டெழுத்துச் சொல்லான 'சீ' போன்றவை. ஐந்து உயிரெழுத்துகளும் உள்ள சொல் கேட்டால், எல்லோருக்கும் தெரிந்த எஜுகேஷன் இருக்கிறது. ஐந்தும் அகர வரிசையிலேயே வர வேண்டுமென்றால் ஃபசீஷியஸ்.

எழுத்துகளின் பயன்பாட்டு அளவு

மூன்றாவது வகையில், எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்ற அறிவு கைகொடுக்கும். ஆங்கிலத்தில் மிக அதிகம் வரும் எழுத்து இ. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் பின்னாளில் ஸ்கிராபிள் ஆன ஆட்டத்தை உருவாக்கினார். அதன் 100 கட்டைகளில் இ எழுத்துக்கு மட்டும் 12. கியூ, இசட் தலா ஒன்று. மதிப்பு 10 புள்ளி. எஸ் எழுத்துக்கு நான்கே கட்டைகள். பன்மை சேர்த்தே ஆட்டத்தை ஓட்டிவிடக்கூடாது என்பதற்காகக் குறைத்தார். வேர்டிலில் முதல் ஊகத்தில் இ, ஏ, ஆர், எஸ், டி போன்ற எழுத்துகளைப் போடச் சொல்வதும் இந்தக் கணக்கை ஒட்டியதே.

சொற்பொருள் தெரியாமலே எழுத்தமைப்பை மட்டும் கற்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் காட்டினார். பிரெஞ்சு பேசத் தெரியாத அவர், பிரெஞ்சு ஸ்கிராபிள் சொற்பட்டியலை மனனம் செய்து 2015-இல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தை வென்றார்.

இன்று எழுத்துகளைத் தட்டினால் விடைகளைக் கொட்டும் செயலிகள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. அவற்றைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். முதலில் காகிதத்தில் எழுத்துகளை எழுதி, விகுதியை ஒதுக்கி, மீதியைக் கூட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் உடன் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டல் பிழைகள் குறைய இதைவிடச் செலவில்லாத பயிற்சி இல்லை.