எண்ணும் ஆழமும்: சிறுபடகுகளில் எதிரொலி ஆழமானியைப் பொருத்துதலும் பயன்படுத்துதலும்

ஆய்வுச் சுருக்கம்

எதிரொலி ஆழமானி நீரின் ஆழத்தை நேரடியாக அளப்பதில்லை. ஒலி கடலடிக்குச் சென்று மீளும் நேரத்தை அளந்து, அதனை ஆழமாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஆகவே, திரையில் தோன்றும் எண் எந்தப் புள்ளியிலிருந்து, எந்த ஒலிவேகத்தைக் கொண்டு, எந்த அலகில் பெறப்பட்டது என்பதை அறிந்தவருக்கே அது பயன்படும். தமிழகக் கடற்கரையின் சிறுபடகுகளைக் கருத்திற்கொண்டு, இக்கருவியைப் பொருத்தும் முறைகளையும் அதன் அளவீட்டைச் சரிபார்த்துப் பயன்படுத்தும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: எதிரொலி ஆழமானி, ஒலிமாற்றி, பாகம், பார், ஏரா, சிறுபடகு.

முன்னுரை

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்பது தமிழர் வழக்கு. கடலில் இது வெறும் அறிவுரையன்று. தொழிலின் முதல் விதி. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. இராமர் பாலத்தை ஒட்டிய மணல்திட்டுகளில் சில மீட்டர் நீரே உண்டு. மன்னார் வளைகுடாவிலோ கடலடிப் பாறைத் திட்டுகளான ‘பார்’கள் மீன்வளத்தின் இருப்பிடமாகவும், படகுக்கும் வலைக்கும் இடராகவும் ஒருங்கே விளங்குகின்றன.

இத்தகைய கடலில் ஆழம் அறிய மீனவர் கையாண்ட பழைய கருவி, ஈயக்குண்டு கட்டிய கயிறு. கயிற்றை இரு கைகளையும் விரித்து அளக்கும் நீளமே ‘பாகம்’. அது 6 அடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர். குமரிக் கடற்கரையில், கரையிலுள்ள மலைமுகடு, கோபுரம் முதலிய அடையாளங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்களின் இடத்தைக் கணிக்கும் முறை ‘கணியம்’ எனப்பட்டது. இன்று கண்ணாடியிழைப் படகுகளில் மின்னணு ஆழமானி இடம்பெறுகிறது. கருவியோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைவதால், அதன் செயன்முறையைத் தமிழில் தெளிவுபடுத்துவது தேவையாகிறது.

எதிரொலி அளவீட்டின் தோற்றமும் அடிப்படையும்

1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியதைத் தொடர்ந்து, பனிப்பாறைகளை ஒலியால் கண்டறியும் முயற்சிகள் தீவிரம் பெற்றன. அம்முயற்சியில் ஈடுபட்ட ஜெர்மானிய இயற்பியலாளர் அலெக்சாண்டர் பேம் 1913இல் எதிரொலி ஆழமானிக்குக் காப்புரிமை பெற்றார். பனிப்பாறையைக் காணத் தேடிய வழி கடலடியை அளக்கவே மிகுதியும் உதவியது. 1925 முதல் 1927 வரை ‘மீட்டியோர்’ என்னும் ஜெர்மானிய ஆய்வுக்கப்பல் தென் அட்லாண்டிக் கடலடியை எதிரொலி முறையில் விரிவாக அளந்தது. 1948இல் ஜப்பானின் ஃபுரூனோ சகோதரர்கள் இதே கோட்பாட்டில் மீன்காணும் கருவியை வணிகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தனர்.

டிரான்ஸ்டியூசர் என வழங்கும் ஒலிமாற்றி, மின்துடிப்பை ஒலியாக்கிக் கீழ்நோக்கி அனுப்புகிறது. மீளும் எதிரொலியை மீண்டும் மின்குறியாக்குகிறது. பெரும்பாலான கருவிகள் நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,500 மீட்டர் எனக் கொள்கின்றன. ஒலி சென்று மீள 0.02 நொடி ஆயின், மொத்தத் தொலைவு 30 மீட்டர். அதில் பாதியாகிய 15 மீட்டரே ஆழம்.

உண்மையில் ஒலிவேகம் வெப்பநிலை, உவர்ப்பு ஆகியவற்றிற்கேற்ப மாறும். 30 பாகை செல்சியசை ஒட்டிய கடல்நீரில் அது ஏறத்தாழ 1,540 மீட்டர். அங்கே 20 மீட்டர் ஆழத்தைக் கருவி 19.5 மீட்டர் எனக் குறைத்துக் காட்டும். 20 பாகை செல்சியஸ் நன்னீரில் ஒலிவேகம் ஏறத்தாழ 1,482 மீட்டர். அங்கே அதே ஆழம் 20.2 மீட்டர் என மிகுத்துக் காட்டப்படும். முன்னது பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த பிழை, பின்னது அவ்வாறன்று. எனினும் இவ்விரு பிழைகளும் சிறியனவே. பொருத்துதலில் நேரும் பிழைகளே பெரியன.

ஒலிமாற்றியைப் பொருத்தும் முறைகள்

சிறுபடகுகளில் ஒலிமாற்றியை மூவகையாகப் பொருத்தலாம். இம்மூன்றிலும் காக்க வேண்டிய விதி ஒன்றே: ஒலிமாற்றிக்கும் நீருக்கும் இடையே காற்று புகலாகாது. நீரில் செல்லும் ஒலி காற்றை எதிர்கொண்டவுடன் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பிவிடும்.

முதலாவது, பின்பலகையில் பொருத்துதல். எளியது; செலவு குறைந்தது. ஒலிமாற்றியின் முகம் படகின் அடிமட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து, கடலடியை நேர்நோக்கி அமைய வேண்டும். இயந்திரச் சுழல்விசிறியிலிருந்து குறைந்தது 40 செ.மீ. அளவேனும் விலகியிருத்தல் நலம். பின்னிருந்து நோக்க வலஞ்சுழியாகச் சுழலும் விசிறியாயின், அதன் இதழ்கள் கீழிறங்கும் வலப்புறத்தில் நீர்க்குமிழிகள் குறைவு. ஆதலின் அப்புறமே தகுந்தது. திருகாணித் துளைகளைக் கடல்நீர் தாங்கும் அடைப்புப் பசையால் மூட வேண்டும்.

இரண்டாவது, அடிப்பகுதியைத் துளைத்துப் பொருத்துதல். ஒலி தடையின்றி நீரை அடைவதால் அளவீடு சிறக்கும். ஆயினும் படகின் அடியில் துளையிடுவது தேர்ந்த கைவினைஞர் செய்ய வேண்டிய பணி. மரப்படகில் நெகிழிக் கூட்டைப் பொருத்தினால், நீரில் ஊறிப் பருக்கும் மரம் அதனை நெருக்கி உடைக்கக்கூடும். உலோகப் படகில் வெண்கலக் கூட்டைப் பொருத்தினால் மின்வேதி அரிப்பு நேரும்.

மூன்றாவது, உட்புறத்தில் ஒட்டுதல். திண்மையான கண்ணாடியிழையின் ஊடே ஒலி செல்லும் என்பதால், படகின் உள்ளேயே ஒலிமாற்றியை எப்பாக்சிப் பசையால் குமிழியின்றி ஒட்டலாம். மரப்படகுக்கு இது பொருந்தாது. மிதப்புக்காக இரு அடுக்குகளுக்கிடையே நுரைப்பொருள் அடைத்த கண்ணாடியிழைப் படகுக்கும் பொருந்தாது. நுரையில் சிறைப்பட்ட காற்று ஒலியைத் தடுத்துவிடும். ஒட்டுவதற்கு முன், நீர் நிரப்பிய நெகிழிப் பையில் ஒலிமாற்றியை வைத்து, பையைப் படகின் உட்தரையில் அழுத்திச் சோதிக்கலாம். படகுக்கு வெளியே நீரில் பிடித்தபோது கிடைத்த அளவே இப்போதும் கிடைத்தால் அவ்விடம் தகுந்தது.

இவற்றுள் எதனைத் தேர்வது என்பதைப் படகு கரையேறும் முறையும் தீர்மானிக்கிறது. சோழமண்டலக் கரையில் பல சிறுபடகுகள் அலையைக் கடந்து மணலில் ஏறி நிற்பவை. பின்பலகையின் கீழ் நீட்டிக்கொண்டிருக்கும் ஒலிமாற்றி இழுத்தேற்றும்போது மணலில் மோதி முறியக்கூடும். துறைமுகத்தில் கட்டப்படும் படகை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட கையேட்டு அறிவுரை இங்கு அப்படியே பொருந்தாது. இப்படகுகளுக்கு, அடிப்பகுதி திண்மையான கண்ணாடியிழையாயின் உட்புறம் ஒட்டுதலும், அன்றெனில் மேலே மடக்கத்தக்க தாங்கியும் ஏற்றவை.

மின் இணைப்பில், மின்கலத்திற்கு அருகிலேயே கையேடு குறிக்கும் அளவுள்ள உருகியைச் சேர்க்க வேண்டும். ஒலிமாற்றியின் கம்பியை வெட்டிச் சுருக்கலாகாது. மிகுநீளத்தைச் சுருட்டிக் கட்டலாம். இயந்திரக் கம்பிகளையும் வானொலித் தொடர்புக் கம்பிகளையும் விட்டு அது விலகிச் செல்ல வேண்டும்.

எண்ணைத் திருத்துதல்

கருவி தருவது ஒலிமாற்றியின் முகத்திலிருந்து கடலடி வரையிலான தொலைவு. மாலுமிக்கு வேண்டியதோ இரண்டில் ஒன்று: நீர்மட்டத்திலிருந்து உள்ள முழு ஆழம், அல்லது படகின் மிகத் தாழ்ந்த உறுப்புக்குக் கீழே எஞ்சியுள்ள நீர். ஒலிமாற்றி நீர்மட்டத்திற்கு 0.3 மீட்டர் கீழும், ஏராவோ விசிறியோ ஆகிய மிகத் தாழ்ந்த உறுப்பு 0.7 மீட்டர் கீழும் உள்ளதாகக் கொள்வோம். திரை 2.0 மீட்டர் காட்டினால் முழு ஆழம் 2.3 மீட்டர், படகுக்கு அடியில் எஞ்சியிருப்பது 1.6 மீட்டர் மட்டுமே. கருவியில் +0.3 என்றோ −0.4 என்றோ திருத்தம் இட்டு, எதனை இட்டோம் என்பதைப் படகில் உள்ள அனைவரும் அறியச் செய்ய வேண்டும்.

அலகும் இவ்வாறே. அடி, மீட்டர், பாகம் ஆகிய மூன்றிலும் கருவியை அமைக்கலாம். திரையில் தோன்றும் 6 என்னும் எண் பாகமாயின் ஏறத்தாழ 11 மீட்டர், அடியாயின் 1.8 மீட்டர். முன்னது நிம்மதி, பின்னது எச்சரிக்கை. பாகத்தில் எண்ணிப் பழகிய படகில் கருவியையும் பாகத்தில் அமைப்பதே அறிவுடைமை.

கடல் வரைபடத்துடன் ஒப்பிடும்போது ஓதத்தையும் கருத வேண்டும். டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பியல் அலுவலகம் வெளியிடும் வரைபடங்களில் ஆழங்கள் தாழ்ந்த ஓதமட்டத்தை அடிப்படையாகக் கொண்டவை. கருவி காட்டுவதோ அந்நேரத்து நீரை.

திரையைப் பொருள்கொள்ளுதல்

பாறையடி வலிய, தெளிவான எதிரொலி தரும். சில வேளை இருமடங்கு ஆழத்தில் இரண்டாம் கோடும் தோன்றும். சேற்றடி எதிரொலியை உள்வாங்குவதால் கோடு மங்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டு பாரையும் சேற்றுநிலத்தையும் பிரித்தறியலாம்.

200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழங்குறைந்த நீரில் நுணுக்கம் தரும். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழ்நீரை எட்டும். ஒலிக்கற்றை கூம்பு வடிவில் விரியும். 20 பாகைக் கற்றை 20 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ 7 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தைக் காணும். 45 பாகைக் கற்றையோ ஏறத்தாழ 16.6 மீட்டர் வட்டத்தை. அவ்வட்டத்துள் உயர்ந்து நிற்கும் பகுதியின் எதிரொலியே முதலில் வருமாதலால், சிறு பள்ளங்கள் மறைந்துவிடும்.

எல்லாவற்றினும் முதன்மையான வரையறை, ஆழமானி கீழே பார்க்கிறது. முன்னே பார்ப்பதில்லை என்பதே. மணிக்கு 6 கடல்மைல் வேகத்தில் செல்லும் படகு 10 நொடியில் ஏறத்தாழ 31 மீட்டர் கடந்துவிடும். செங்குத்தாக எழும் பாரின் அருகே, எச்சரிக்கை ஒலி கேட்கும்போது படகு அதன்மீது ஏறியிருக்கலாம். எனவே ஓர் எண்ணை மட்டும் நோக்காமல், எண்கள் குறைந்துவரும் போக்கை நோக்கி வேகத்தைத் தணிக்க வேண்டும். வேகத்தில் குமிழிகளால் எதிரொலி அறும்போது சில கருவிகள் இறுதி எண்ணையே நிறுத்தி வைத்திருக்கும். அசையாத எண் ஐயத்திற்குரியது.

முடிவுரை

ஈயக்குண்டுக் கயிறு காலாவதியான கருவியன்று. சமதரையான இடத்தில் படகை நிறுத்தி, கயிற்றின் அளவையும் திரையின் அளவையும் ஒப்பிடுவதே ஆழமானியைச் சரிபார்க்கும் எளிய வழி. குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால் கடலடி மணலோ சேறோ ஒட்டிவரும். திரைக்கோட்டின் பொருளைக் கற்க அதுவே பாடம். பாகம், பார், ஏரா, கணியம் ஆகிய சொற்கள் கடலறிவின் கலன்கள். புதிய கருவியை இச்சொற்களால் விளக்கும்போது அது மீனவரின் அறிவை அகற்றுவதில்லை, அவ்வறிவோடு இணைகிறது. கடற்றொழில் கருவிகளுக்கான தமிழ்க் கையேடுகளை உருவாக்குவோர், படகின் அமைப்பையும் கரையின் இயல்பையும் அக்கரையின் சொற்களையும் ஒருங்கே கருத்திற்கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.