விண்டோஸ் 10: எந்தக் கணினியை முதலில் மாற்றுவது?

பில் வருகிறது, டாலி திறக்கிறது, பிரின்டர் ஓடுகிறது. அப்புறம் எதற்குக் கணினியை மாற்ற வேண்டும்? சிறு நிறுவனம் நடத்துபவர்கள் இப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. மறுநாள் எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. அதனாலேயே பலருக்கும் விஷயம் உறைக்கவில்லை.

நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தம். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, மென்பொருளில் கண்டுபிடித்த ஓட்டைகளை மைக்ரோசாப்ட் அடைக்கிறது. விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் உள்ளே பெரும்பகுதி நிரல் பொதுவானது. 11-க்கு வரும் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே இருந்தது என்பது திருடனுக்குத் தெரிந்துவிடும். 10-இல் அதே ஓட்டை திறந்தே கிடக்கும். மாதம் செல்லச் செல்ல இப்படித் திறந்து கிடக்கும் ஓட்டைகளின் எண்ணிக்கை கூடும்.

2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை தாக்குதலை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட அந்த நிரலால் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. பழைய விண்டோஸ் எக்ஸ்பிதான் காரணம் என்று பேசினார்கள். உண்மையில் அதிகம் சிக்கியது விண்டோஸ் 7. அப்போது அதற்கு ஆதரவு இருந்தது, அந்த ஓட்டைக்கான திருத்தமும் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். கணினி மந்தமாகிறது என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் விண்டோஸ் 11 அலுவலகத்துக்கும் இது பொருந்தும்.

உரிமம் பெற்ற விண்டோஸ் 10 இருந்தால் 11-க்கு மாறக் காசு கிடையாது. தடை வன்பொருளில் இருக்கிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய கணினிகள் பெரும்பாலும் இதில் தேறாது. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கும் சர்வீஸ்காரர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்டே சொல்கிறது. எதற்காக மாறுகிறோமோ அதையே இழப்பதால், கணக்கு வழக்கு பார்க்கும் கணினியில் இந்த வேலை வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல், பழைய கணினியை நம்பித் தொங்கும் மற்ற சாமான்கள். டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங் நிரலை இன்னும் விடாத கடைகள் உண்டு. விண்டோஸ் 11-இல் 64 பிட் பதிப்பு மட்டுமே இருக்கிறது. அந்த 16 பிட் நிரல்கள் அதில் ஓடாது. பழைய இயந்திரங்கள் பலவற்றுக்குப் புது டிரைவர் கிடைக்காது. அச்சகங்களில் பேஜ்மேக்கரிலும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களிலும் செய்த கோப்புகள் வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. ‘எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்’ என்று விற்பனையாளர் சொல்லிவிடலாம். தொழில் நடத்துபவரால் முடியாது. அந்த ஒரு கணினியை அப்படியே விட்டுவிட்டு, இணைய இணைப்பையும் மற்ற கணினிகளோடு உள்ள தொடர்பையும் துண்டியுங்கள். பென் டிரைவில் கோப்பு போவதாக இருந்தால், முதலில் இன்னொரு கணினியில் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

பணம் கட்டித் திருத்தங்களைத் தொடர்ந்து பெறவும் வழி உண்டு. நிறுவனங்களுக்கு மைக்ரோசாப்ட் அறிவித்த விலை முதல் ஆண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்து 122, அதற்கடுத்து 244. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாலும் முதல் ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மூன்றாண்டுக்கு 427 டாலர் ஆகிறது. சாதாரணக் கணினி ஒன்றையே புதிதாக வாங்கிவிடலாம். மாற்றும் நாளை முடிவு செய்துவிட்ட கணினிக்கு மட்டுமே இந்தச் செலவு தகும். இதே திருத்தங்களை 30 டாலருக்குத் தரும் திட்டம் வீட்டுக் கணினிகளுக்கானது, தொழிலுக்குச் செல்லாது.

கைக்காசு குறைவு என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: வங்கிக் கணக்கு, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், வாடிக்கையாளர் விவரம் ஆகியவை எந்தக் கணினியில் இருக்கின்றனவோ அது முதலில். தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமிருக்கிறது. மின்னஞ்சலும் இணையமும் மட்டும் பார்க்கும் கணினிக்கு லினக்ஸ் போதும், செலவும் இல்லை; டாலி மட்டும் அதில் நேரடியாக ஓடாது.

பேக்கப் எடுத்து, அது திறக்கிறதா என்று இன்னொரு கணினியில் பார்த்த பிறகே கை வையுங்கள். மார்ச் கடைசியிலும், ஜிஎஸ்டி தாக்கலுக்கான 20-ஆம் தேதியை ஒட்டியும் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.