ஆட்சிகள் மாறும் விதம் – 11: வலங்கைமானும் வேதாரண்யமும்

வலங்கைமான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு வெடியும், மாரியம்மன் கோயில் பாடைக்காவடியும் நினைவுக்கு வரும். இந்தத் தொடரை எழுதும் எனக்கு வி.எஸ். சீனிவாச சாஸ்திரி நினைவுக்கு வருகிறார். 1869 செப்டம்பர் 22 அன்று இந்த ஊரில் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர். காந்திக்குப் பத்து நாள் மூத்தவர். கும்பகோணத்தில் படித்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். பிறகு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915ல் கோகலே மறைந்ததும் அதன் தலைவரானார்.

சட்டசபையில் வாதாடியும் மனுப் போட்டும் வெள்ளையரிடமிருந்து ஆட்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவிட முடியும் என்று கடைசிவரை நம்பியவர் அவர். இன்று அந்த நம்பிக்கையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் 1919 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் பேசிய பேச்சு, இந்தியர் ஒருவர் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே பேசிய மிகச் சிறந்த பேச்சுகளில் ஒன்று. விசாரணையின்றி ஆட்களை அடைத்துவைக்க அதிகாரம் கேட்ட மசோதா அது. நல்லவர்களுக்கும் இதனால் நிம்மதி போய்விடும் என்று எடுத்துச் சொன்னார். மற்ற இந்திய உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். சபையில் அதிகாரிகளுக்கே பெரும்பான்மை என்பதால் மார்ச்சில் மசோதா சட்டமாகிவிட்டது. ஏப்ரல் 13ல் ஜாலியன்வாலா பாக் படுகொலை.

சீர்திருத்த வழியின் எல்லை எது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். நியாயமும் பேச்சும் சாஸ்திரி பக்கம் இருந்தன. கேட்காவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் மட்டும் அரசாங்கத்துக்கு இல்லை.

அந்தப் பயம் பதினொரு ஆண்டு கழித்து, சாஸ்திரி பிறந்த இதே தஞ்சை ஜில்லாவின் சாலைகளில் நடந்து வந்தது. 1930ல் அதே ஏப்ரல் 13 அன்று ராஜாஜி உப்புச் சட்டத்தை மீறுவதற்காகச் சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். 150 மைல். நடந்து வருபவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவிட்டுப் போனார்கள் ஊர்க்காரர்கள். கும்பகோணத்தில் வெளிப்படையாகவே விருந்து வைத்த பந்துலு அய்யர் சிறைக்குப் போனார். ஏப்ரல் 30ல் ராஜாஜி கைதானார். கலெக்டரின் உத்தரவை மீறத் துணிந்தவர்கள் தலைவர்கள் மட்டுமல்ல என்பதுதான் இங்கே முக்கியம். சோறாக்கிய வீடுகள், வழி காட்டியவர்கள், பார்த்தும் பார்க்காத சிப்பந்திகள் என்று அத்தனை பேரும் ஒத்துழைத்தால்தான் ஒரு ஜில்லாவை ஆள முடியும். அவர்கள் கையை எடுத்துக்கொண்டால் கலெக்டரிடம் மிஞ்சுவது லத்தியும் சிறையும்தான்.

அந்த ஆண்டு நவம்பரில் லண்டனில் வட்டமேஜை மாநாடு கூடியபோது காங்கிரஸ் போகவில்லை, சாஸ்திரி போனார். 1931 பிப்ரவரியில் திரும்பியதும் தன்னைப் போன்ற மிதவாதிகளான சாப்ரு, ஜெயகரோடு சேர்ந்து காந்திக்கும் வைஸ்ராய் இர்வினுக்கும் நடுவே தூது நடந்தார். மார்ச் 5ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கடலோர ஊர் மக்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு ஷரத்து. 1919ல் யாரும் காது கொடுக்காத அதே சாஸ்திரியின் சொல்லுக்கு இப்போது மதிப்பு வந்ததென்றால், சிறைகள் நிரம்பியிருந்ததுதான் காரணம். இரண்டு தரப்பும் நம்பிய அவரைப் போன்ற சிலர் இல்லாமல் போயிருந்தால் அந்தத் தியாகம் ஷரத்தாக எழுதப்பட்டிருக்குமா என்பதும் நியாயமான கேள்வி. ஆனாலும் எது முதல் என்று என்னைக் கேட்டால், சாலைதான் என்பேன்.

போன வாரம் பார்த்த ரஷ்யாவிலும் இதுவே நடந்தது. 1905ல் வேலைநிறுத்தம் நாட்டை முடக்கியதும் ஜார் மன்னர் டூமா சபையைத் தந்தார். கொந்தளிப்பு அடங்கியதும் அதன் அதிகாரத்தையும் வாக்குரிமையையும் குறுக்கினார்.

இங்கே 1947ல் கோட்டையில் கொடி மாறியது. ஆனால் காவிரி டெல்டாவின் பண்ணையாளுக்கு அரசாங்கம் என்றால் அது மிராசுதார்தான். அந்த அரசாங்கம் மாறவில்லை. சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த நிலம் இது. 1940களில் தென்பரையில் தொடங்கி, கம்யூனிஸ்டான பி. சீனிவாச ராவும் தோழர்களும் சேரி சேரியாக விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். அடித்தால் திருப்பி அடிக்கச் சொன்னார்கள். 1952 தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152 தான் கிடைத்தது, கம்யூனிஸ்டுகளுக்கு 62. முதலமைச்சராக வந்தவர், வேதாரண்யத்துக்கு நடந்த ராஜாஜி. கம்யூனிஸ்டுகளைத் தன் முதல் எதிரி என்று சொன்ன அவரே, அந்த ஆகஸ்டில் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். குத்தகைக்காரருக்கு விளைச்சலில் 40 சதவீதம். பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்ற முடியாது.

1930ல் கேட்கும் பக்கம் நின்றவர் இப்போது கொடுக்கும் பக்கம் இருந்தார். கொடுத்ததற்கான காரணம் மட்டும் இர்வினுக்கு இருந்ததேதான். இதை ராஜாஜிக்குக் குறையாகச் சொல்லவில்லை. நிலைமையைப் படிக்கத் தெரிந்த ஆட்சியாளர் அவர்.

சட்டம் வயலுக்கு வந்தபோதுதான் சிக்கல். பல மிராசுதார்கள் பண்ணையாட்களை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்தார்கள். தினக்கூலிக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. சங்கம் வலுவாக இருந்த கிழக்குத் தாலுகாக்களில் சட்டத்தைச் சொல்லி வாதாட ஆள் இருந்தது. மற்ற இடங்களில் அதுவும் இல்லை. சண்டை இப்போது கூலி நெல்லின் அளவுக்கு நகர்ந்தது. கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் 1969ல் வந்தது. அதற்கு முன், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டிருந்தார்கள். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)