கறுப்புப் பட்டை யார் குற்றம்?

கேமரா வைத்தியம் – 7

முகூர்த்த மாதத்தில் கேமரா மக்கர் செய்தால் பெரம்பலூர், அரியலூர் ஸ்டுடியோக்காரர்கள் பலரும் திருச்சிக்குத்தான் பஸ் ஏறுவார்கள். ஏறுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம்.

தாலி கட்டும் படத்தில் முகங்கள் பளிச்சென்று இருக்கின்றன. அடிப்பாகத்தில் மட்டும் கறுப்பாக ஒரு பட்டை. “ஷட்டர் போச்சு” என்பதுதான் உடனே வரும் தீர்ப்பு. பெரும்பாலும் அது தவறான தீர்ப்பு.

ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. முதல் திரை இறங்கி சென்சாரைத் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். பல கேமராக்களில் 1/200 நொடி வரை சென்சார் முழுவதும் ஒரு கணம் திறந்திருக்கும். அதைவிட வேகம் கூட்டினால் முதல் திரை இறங்கி முடிப்பதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். இடையில் ஒரு கீற்றுதான் நகரும். பிளாஷோ இமைக்கும் நேரத்திலும் சிறு பகுதியில் அடித்து ஓய்ந்துவிடும். அந்தக் கணத்தில் திரை மறைத்திருந்த இடம்தான் கறுப்பு.

கேமராவோடு பேசத் தெரிந்த பிளாஷ் என்றால் வேகத்தைக் கேமராவே கட்டுப்படுத்தும். நடுமுனை மட்டும் உள்ள மலிவான ட்ரிக்கருக்கு அந்தப் பேச்சு தெரியாது. நீங்கள்தான் 1/160-க்கு இறக்க வேண்டும்.

இறக்கியும் பட்டை போகவில்லையா? பிளாஷைக் கழற்றிவிட்டு, வெயிலில் ஒரு வெள்ளைச் சுவரை 1/1000-லும் 1/4000-லும் எடுங்கள். அங்கேயும் ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர்தான். தாராளமாக பஸ் ஏறுங்கள். நிக்கான் டி750-இன் ஒரு தொகுதியில் இப்படி ஷட்டர் கோளாறால் படம் ஓரத்தில் இருள்வதை அந்த நிறுவனமே 2015-இல் ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்தது.

பிளாஷ் அடிக்கவே இல்லை என்றால் முதலில் சைலண்ட் ஷட்டரை அணையுங்கள்; அந்த முறையில் பல கேமராக்கள் பிளாஷை எழுப்பாது. அடுத்து ஹாட் ஷூவைப் பாருங்கள். மண்டப வியர்வை அந்த முனைகளில் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

ஷட்டருக்கு ஆயுளும் உண்டு. 2024-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரியில், பறவை பறக்கும்போது நொடிக்கு 10 படம் எடுப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்: 1,50,000 படங்களுக்கு உத்தேசித்த ஷட்டர், விரலை எடுக்காமல் அழுத்தினால் நாலேகால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையில் நின்று லென்ஸ் மாற்றுவது அதைவிட மோசம். தூசி விழுந்தால் கைப்பம்பால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். திரைத் தகட்டில் விரல் படவே கூடாது.

கடைசியாக ஒன்று. பிளாஷை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கும்.