கப்சாயின் கிளட்சும் கேம் சங்கிலியும்



தோட்டத்து வீடுகளில் கப்சாய் என்பது வெறும் வாகனம் அன்று. விடியுமுன் பிரட்டுக்குப் போவதற்கும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், இரவில் காய்ச்சல் கண்ட குழந்தையைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்வதற்கும் அதுதான் துணை. அது ஒருநாள் நின்றுவிட்டால் ஒருநாள் சம்பளம் நின்றுவிடுகிறது. ஆகவே அதனுள் இருக்கும் இரண்டு முக்கிய உறுப்புகளைப் பற்றி இன்று நாம் பார்ப்போம். ஒன்று கிளட்சு, மற்றொன்று கேம் சங்கிலி. இவற்றில் எந்த வேலையை நாமே வீட்டில் செய்யலாம், எதைப் பட்டறைக்கு விட்டுவிட வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-இல் சூப்பர் கப் என்னும் வண்டியை வெளியிட்டது. உணவுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய வண்டி வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் எண்ணம். எனவே இடது கையால் பிடிக்கும் கிளட்சுப் பிடியே அதில் வைக்கப்படவில்லை. பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டு வந்தார். ‘கப்’ என்ற பெயரோடு, கான்டோனீஸ் மொழியில் குட்டி என்று பொருள்படும் ‘சாய்’ சேர்ந்து கப்சாய் ஆயிற்று.

பிடி இல்லை என்பதால் கிளட்சே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் அது வெளிப்பக்கமாக இழுக்கிறது அல்லவா? எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிளட்சினுள் உள்ள எடைகளும் அப்படியே வெளியே தள்ளப்பட்டு, எஞ்சினையும் கியரையும் இணைக்கின்றன. மெதுவாக ஓடும்போது இணைப்பு தானே விட்டுவிடுகிறது. நாம் காலால் கியரை மிதிக்கும்போதும் ஒரு நெம்புகோல் கிளட்சை விடுவிக்கிறது. பழைய 70 சி.சி. வண்டிகளில் இவை எல்லாம் ஒரே தொகுதியில் இருக்கும். பிற்கால 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் எடைக் கிளட்சு ஒன்றும் தகட்டுக் கிளட்சு ஒன்றுமாக இரண்டு இருக்கும்.

கிளட்சின் நோய் இரண்டு வகை. முதலாவது, வழுக்குவது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் அலறும். வண்டியோ வேகம் எடுக்காது. இரண்டாவது, விடாமல் பிடித்துக்கொள்வது. கியர் போட்டவுடன் வண்டி துள்ளிப் பாயும். கியர் மாற்றுவதும் கடினமாக இருக்கும். பின்னால் குழந்தையை வைத்துக்கொண்டு கியர் போடும்போது வண்டி பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது எண்ணெய். கப்சாயின் கிளட்சு எஞ்சின் எண்ணெயிலேயே நனைந்து வேலை செய்கிறது. கார்களுக்கென்று விற்கப்படும் எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கப்பட்டிருக்கும். அது காருக்கு நல்லது. நம் கிளட்சுக்கு ஆகாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒருவர் இந்த எண்ணெயை ஊற்றிவிட்டு, கிளட்சு வழுக்குகிறது என்று தகடுகள் அத்தனையையும் மாற்றினார். புதிய தகடுகளும் வழுக்கின. எண்ணெயை மாற்றிய பிறகுதான் வண்டி மேடு ஏறியது. ஆகவே டப்பாவின் மேல் ‘ஜாசோ எம்.ஏ.’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ‘எம்.பி.’ என்ற குறி ஸ்கூட்டர்களுக்கு உரியது. இ.எக்ஸ்.5 வண்டிக்கு எண்ணெய் மாற்றும்போது 0.7 லிட்டர் போதும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் கெடுதலே.

எண்ணெய் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால், அடுத்தது கிளட்சைச் சரிசெய்வது. இதற்கு ஒரு ஸ்பானாவும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். வலப்பக்க மூடியின் மேல், நடுவில் வெட்டுள்ள ஒரு திருகும் அதைச் சுற்றி ஒரு பூட்டு நட்டும் தெரியும். நட்டைத் தளர்த்துங்கள். திருகை வலமாக, அதாவது கடிகார முள் சுற்றும் திசையில், ஒரு சுற்று திருப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிறகு இடமாக மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் இலேசாகத் தடுக்கும். அங்கே நிறுத்தி, மறுபடி வலமாக எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்புங்கள். திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்குங்கள். இவ்வளவுதான் வேலை. பின்னர் நடுத் தாங்கியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் மாற்றிப் பாருங்கள். அதன்பிறகே சாலையில் ஓட்ட வேண்டும்.

இதற்கும் குணமாகவில்லை என்றால் தகடுகள் தேய்ந்திருக்கலாம். எண்ணெயை வடித்து, உதைகோலைக் கழற்றி, வலப்பக்க மூடியைத் திறக்க வேண்டும். கிளட்சை இறுக்கியிருக்கும் வெட்டு நட்டுக்குத் தனிக் கருவி உண்டு. அந்தக் கருவி இல்லாமல் உளியால் தட்டி நட்டைக் கெடுப்பது நம்மிடையே உள்ள கெட்ட பழக்கம். கருவி இல்லையென்றால் பட்டறைக்குப் போவதே சிக்கனம். கருவி இருப்பவர்கள் கழற்றும் வரிசையைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்; படிக்கும் பிள்ளையிடம் அந்த வேலையைக் கொடுக்கலாம். உராய்வுத் தகடு கருகியிருந்தாலும், இரும்புத் தகடு நீலம் பாய்ந்திருந்தாலும் அது சூட்டில் கெட்டது என்று பொருள். புதிய தகடுகளை எஞ்சின் எண்ணெயில் ஊறவைத்த பிறகே பூட்ட வேண்டும். மூடி திறந்திருக்கும்போது அடியில் உள்ள வலைச் சல்லடையையும் கழுவிவிடுங்கள்.

இனிக் கேம் சங்கிலிக்கு வருவோம். எஞ்சினுள் காற்றும் பெட்ரோலும் நுழைவதற்கும் புகை வெளியேறுவதற்கும் வால்வுகள் உண்டு. அவற்றைத் திறப்பது கேம் தண்டு. கீழே கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் தண்டு ஒரு சுற்று. இந்தக் கணக்குப் பிசகாமல் இரண்டையும் இணைப்பதே கேம் சங்கிலி. வெளியே தெரியும் பின் சக்கரச் சங்கிலி வேறு, இது வேறு.

நாளாக ஆகச் சங்கிலி நீளும். அப்போது எஞ்சினின் இடப்பக்கத்தில் ‘கரகர’ என்று ஒலி கேட்கும். ஆனால் எல்லா ஒலியும் கேம் சங்கிலியின் ஒலி அன்று. வெளிச் சங்கிலி தொய்ந்து மூடியில் அடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சினின் தலையிலிருந்து மட்டும் ‘டிக் டிக்’ என்று சீராகக் கேட்டால் அது வால்வு இடைவெளி; எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எண்ணெய் குறைந்தாலும் ஒலி வரும். எனவே காதால் கேட்டு, எண்ணெயைப் பார்த்து, பிறகே ஸ்பானாவை எடுக்க வேண்டும்.

சங்கிலியை இறுக்கிப் பிடிக்க உள்ளே ஒரு தண்டும் ஸ்பிரிங்கும் உண்டு. பழைய 70 சி.சி. வண்டிகளில் இடப்பக்கம் கீழே ஒரு போல்ட்டும் பூட்டு நட்டும் இருக்கும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, மெதுவாக ஓடவிட்டு, நட்டையும் பிறகு போல்ட்டை அரைச் சுற்றும் தளர்த்தினால், ஸ்பிரிங் தானே தண்டைத் தள்ளிச் சங்கிலியை இறுக்கும். உடனே போல்ட்டை முடுக்கி நட்டைப் பூட்டுங்கள். மூடிய அறைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அந்தப் புகை உயிரைக் குடிக்கும். சூடான புகைக்குழாய்ப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள்.

பிற்கால வண்டிகளில் சங்கிலி தானாகவே இறுகிக்கொள்ளும். அவற்றில் எண்ணெயை வடித்து, அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங் குறுகியிருக்கிறதா, தண்டின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேலும் ஒலி நிற்கவில்லை என்றால் சங்கிலியையும் ரப்பர் உருளைகளையும் மாற்றும் காலம் வந்துவிட்டது.

அந்த வேலையைப் பட்டறையில் கொடுங்கள் என்பதே எங்கள் யோசனை. காந்தச் சக்கரத்தைக் கழற்றத் தனிக் கருவி வேண்டும். பூட்டும்போது அந்தச் சக்கரத்தில் உள்ள ‘டி’ என்ற குறி எஞ்சினின் வெட்டுக்கு நேராகவும், கேம் பல்சக்கரத்தில் உள்ள வட்டக் குறி தலையின் வெட்டுக்கு நேராகவும் நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் எஞ்சின் சரியாக ஓடாது. மேலும் தவறினால் வால்வு வளைந்துவிடக்கூடும். அதற்காகத்தான் உதைப்பதற்கு முன்பு எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று மெல்லச் சுழற்றிப் பார்ப்பார்கள். பட்டறையில் வேலை முடிந்ததும், குறிகள் நேராக இருந்தனவா என்று கேளுங்கள். கழற்றிய பழைய உறுப்புகளைக் கேட்டு வாங்குங்கள். விஷயம் தெரிந்தவர் கேட்கிறார் என்றால் வேலையும் ஒழுங்காக நடக்கும், கூலியும் நியாயமாக இருக்கும்.

இறுதியாக ஒன்று. வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள். அது ஆற்றுக்குப் போகும். டப்பாவில் அடைத்து, எண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

காலத்தில் மாற்றிய எண்ணெயும், எட்டில் ஒரு பங்கு சுற்றும் பெரிய செலவைத் தடுக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவும்போது ஐந்து நிமிடம் அதன் ஒலியைக் கேட்டுப் பாருங்கள்.