உடற்பருமனும் சுவாசப்பைக் குருதியமுக்கமும்

மலையும் பள்ளத்தாக்கும் நிறைந்த எமது மாத்தளைப் பகுதியிலே, இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் நோக்கி ஏறுவோர்க்கு மூச்சு வாங்குதல் இயல்பே. ஆயின், பருத்த உடலினர் ஒருவர் சமதரையிலும் இளைப்பாராயின், "உடம்பைக் குறைத்தால் எல்லாம் சரியாகும்" என்று கூறி அமைந்துவிடுகின்றோம். அவ்விளைப்பின் பின்னே கொடிய நோயொன்று மறைந்திருத்தலுங் கூடும். அதுவே சுவாசப்பை நாடிகளில் உண்டாகும் உயர் குருதியமுக்கம்.

கையிற் பட்டி கட்டி அளக்கும் அமுக்கம் வேறு, இது வேறு. இருதயத்தின் வலப்பக்கம் சுவாசப்பைக்குக் குருதியைச் செலுத்தும் வழியில் அமுக்கம் மிகக் குறைவு. சராசரி ஏறத்தாழ 14 மில்லிமீற்றர் இரசமே. ஓய்வு நிலையில் அச்சராசரி 20ஐத் தாண்டின் நோயென்பர். நுண்ணிய நாடிகள் தடித்து ஒடுங்குங்கால், அவற்றை எதிர்த்து உழைக்கும் வலப்புற இருதயம் நாளடைவிற் சோர்வுறும்.

பருமன் இதற்குக் காரணமாமோ? சில வழிகளால் ஆகும். மிகப் பருத்தோருட் சிலர்க்கு உறக்கத்திலே மூச்சுத் தடைப்பட்டு ஒட்சிசன் குறையும். அதனாற் சுவாசப்பை நாடிகள் சுருங்கும். இடப்புற இருதயம் விறைப்புற்று, அமுக்கம் பின்னோக்கி ஏறுதலும் உண்டு. ஆயினும் நாடிகளே நேராக நோயுறும் வகை, மெலிந்தோரையும் இளம் பெண்களையும் விட்டுவைப்பதில்லை.

மெலிவதற்கென உண்ட மருந்தே இந்நோயைத் தந்த வரலாறும் உண்டு. 1965ஆம் ஆண்டளவில் சுவிற்சர்லாந்து, ஒஸ்திரியா, மேற்கு ஜேர்மனி ஆகிய நாடுகளில் விற்பனைக்கு வந்த 'அமினோரெக்ஸ்' என்னும் பசியடக்கியை உட்கொண்டோரிடையே இந்நோய் பெருகிற்று. 1968இல் அது விலக்கப்பட்டது. பின்னர் வந்த 'பென்புளூரமீன்' என்பதும் இந்நோயோடு தொடர்புற்றது. இருதய வால்வுகளையுங் கெடுத்தமையால் 1997இல் அமெரிக்காவில் மீளப்பெறப்பட்டது.

தராசும் நம்மை ஏமாற்றவல்லது. வலப்புற இருதயம் தளர்ந்தால் கால்களில் நீர் கோத்து, சில நாட்களிலேயே எடை கூடும். அது கொழுப்பன்று, நீரேயாம்.

ஆதலின், படியேறுகையில் முன்னில்லாத இளைப்போ, மயக்கமோ, கால்வீக்கமோ தோன்றின் தாமதியாது வைத்தியரை நாடுதல் வேண்டும். இருதயத்தை ஒலியலையாற் பார்க்கும் பரிசோதனை முதற் குறிப்பைத் தரும். இருதயத்தினுள் மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்தே நோயை உறுதி செய்வர். உடம்பை அளவான உணவாலும் தக்க நடையாலும் குறைப்போம். விளம்பரங் கண்டு குளிகைகளை விழுங்கோம். மூச்சிரைக்கும் பருத்தவரைக் கண்டு நகையாது, காரணத்தை ஆராயச் சொல்வோம். ஓருயிர் காக்க அச்சொல் உதவுதல் கூடும்.