வாவிக்கரையும் வான்பலூனும்

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அப்பிரதேச மக்கள் எளிதில் மறப்பதற்கில்லை. தென்னந்தோப்புகள் சரிந்தன, கூரைகள் பறந்தன, பல நூறு உயிர்கள் மாண்டன. கம்பித் தொடர்புகள் அறுந்தமையால், நேர்ந்த இடரை வெளியுலகுக்கு அறிவிப்பதும் அரிதாயிற்று. அந்த இரவு இரண்டு வினாக்களை எழுப்புகின்றது. மேல்வானின் நிலையை முன்கூட்டி அறிவது எங்ஙனம்? கம்பிகள் அறுந்தபின் செய்தி அனுப்புவது எங்ஙனம்? இவ்விரு கலைகளும் ஒன்றுகூடும் முயற்சியே, உயர்வான் பலூனை ஏவி அமெச்சூர் வானொலியினால் அதனைப் பின்தொடர்வதாகும்.

பலூனைக் கொண்டு காற்றுமண்டலத்தை ஆராய்வது புதிய வழக்கமன்று. பிரெஞ்சு அறிஞர் தெசரன் தெ போர் பலூன்களில் வெப்பமானிகளை அனுப்பி, ஓர் எல்லைக்கு மேல் குளிர் மேலும் மிகுவதில்லை என்பதை 1902இல் வெளியிட்டார். அக்காலத்தில் வீழ்ந்த கருவியைத் தேடி எடுத்தாலன்றிப் பதிவு கைக்கு வராது. கடலில் வீழ்ந்தாலோ உழைப்பெல்லாம் வீண். 1929இல் பிரான்சில் ரொபேர் பியூரோவும், 1930இல் சோவியத் நாட்டில் மொல்சானொவும் பலூனுடன் சிறு வானொலி அனுப்பியை இணைத்தனர். அதன்பின் கருவி தொலைந்தாலும் அளவுகள் தொலையவில்லை. கொழும்பிலிருந்தும் வளிமண்டலவியல் திணைக்களம் இத்தகைய பலூன்களை ஏவியுள்ளது.

அமெச்சூர் வானொலியாளர் என்போர் ஊதியம் கருதாது, ஆர்வத்தினால் வானொலித் தொடர்பில் ஈடுபடுவோர். அவர்கள் பரீட்சையில் தேறி அரச உரிமம் பெறவேண்டும். இலங்கையரின் அழைப்புக் குறிகள் பெரும்பாலும் 4எஸ்7 எனத் தொடங்கும். அவர்கள் ஏவும் பலூன் மெல்லிய இறப்பரால் ஆனது, ஈலியம் நிரப்பப்படுவது. அதன் கீழே பரசூட்டும், ரெஜிபோம் பெட்டியும் தொங்கும். பெட்டியினுள் செய்மதிகளின் துணைகொண்டு இருப்பிடத்தை அறியும் கருவியும், ஒரு வாட்டுக்கும் குறைந்த வலுவுள்ள அனுப்பியும் இருக்கும்.

செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் ஏறும் பலூன், 100 நிமிடங்களில் 30 கிலோமீற்றர் உயரத்தை அடையும். அங்கே காற்றழுத்தம் தரையிலுள்ளதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. வெளியழுத்தம் குறையக் குறையப் பலூன் பருத்து, இறுதியில் வெடிக்கும். பெட்டி பரசூட்டில் இறங்கும். வழியில், நம் அயன வானில் 17 கிலோமீற்றர் உயரமளவில், சுழியத்துக்குக் கீழ் 80 பாகை செல்சியசு வரையான குளிரைப் பெட்டி தாங்கவேண்டும். சாதாரண மின்கலங்கள் அங்கே சோர்ந்துவிடும். ஆதலால் இலிதிய மின்கலங்களே ஏற்றவை. இருப்பிடமறியும் கருவிகளுட் சில 18 கிலோமீற்றருக்கு மேல் செயலற்றுவிடும் வகையில் அமைக்கப்பட்டவை. அவற்றையும் தவிர்த்தல் வேண்டும்.

இத்துணைச் சிறிய வலு எவ்வாறு நெடுந்தொலைவு செல்கின்றது? இவ்வலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. தரையில் மரமும் மலையும், பூமியின் வளைவும் அவற்றை மறிக்கும். 30 கிலோமீற்றர் உயரத்திலுள்ள பெட்டிக்கோ 600 கிலோமீற்றருக்கு அப்பாலும் அடிவானம் விரியும். மட்டக்களப்பு வானிலிருந்து அது பேசினால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி, நாகப்பட்டினத்திலும் கேட்க இயலும். ஆயினும் பெட்டி தரையை நெருங்கும்போது ஒலி மறைந்துவிடும். அப்போது, மீன்முள் வடிவான திசைகாட்டும் ஏரியலைக் கையிலேந்தி, குறி வலுக்கும் திக்கை நோக்கித் தேடிச் செல்ல வேண்டும்.

மட்டக்களப்பில் எழக்கூடிய முதல் அச்சம், பலூன் கடலுக்குப் போய்விடுமே என்பது. தென்மேற்குப் பருவக் காலத்தில் தாழ்வான காற்று தரையிலிருந்து கடலை நோக்கியே வீசும். எனினும், 10 கிலோமீற்றருக்கு மேல் அதே பருவத்தில் கிழக்கிலிருந்து கடுங்காற்று வீசுகின்றது. ஆகவே எழுவான்கரையில் ஏவிய பலூன் முதலில் கடல்மேற் சென்று, பின்னர் திரும்பி வாவியைக் கடந்து, படுவான்கரை வயல்களுக்கும் அப்பால் இறங்குதல் கூடும். மேல்வானக் காற்றின் திசையையும் வேகத்தையும் படித்து, இறங்குமிடத்தைக் கணித்த பின்னரே ஏவுதல் முறை. ஏறும் வேகம் குறைந்தால், தாழ்வான காற்றில் நெடுநேரம் சிக்கி, கணக்குப் பிழைத்துவிடும்.

விமானப் போக்குவரத்து அதிகாரிகளின் அனுமதியின்றி எவரும் இம்முயற்சியில் இறங்கலாகாது. 2016 பெப்ரவரியில் கூகுள் நிறுவனத்தின் இணையச் சேவைப் பலூன் ஒன்று கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. வானத்துக்குச் சென்றது எதுவும் ஒருவருடைய நிலத்துக்கே திரும்பி வரும் என்பதற்கு அது சான்று.

அமெச்சூர்களின் பலூன் சூறாவளியைத் தடுக்காது. திணைக்களத்தின் பணிக்கு ஈடாகவும் மாட்டாது. ஆனால் மின்கலத்தைப் பேணுதல், ஏரியல் அமைத்தல், மெல்லிய குறியைப் பொறுமையுடன் கேட்டல் ஆகிய பயிற்சிகளை அது தருகின்றது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர், அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொண்டுவந்தவர்கள் இத்தகைய பயிற்சியுடைய அமெச்சூர் வானொலியாளர்களே. அத்திறன் இடர் வந்தபின் கற்கக்கூடியதன்று. அமைதியான நாளில், வாவிக்கரையில், மாணவர் ஒரு சிறு பெட்டியைப் பின்தொடர்ந்து பழகினால், கம்பிகள் அறுந்த நாளில் ஊரின் குரலை வெளியே கொண்டுசெல்ல ஆளிருக்கும்.